திருப்பூர் தந்த காவி உடுத்தாத துறவி

சாமி கும்பிடுவது பெரிதா? ஏழைக்கு உதவுவது பெரிதா?

திண்ணையில் நான்கு பேர் கூடினால் இந்த வாதம் வந்துவிடும். கோவிலும் பூஜையும்தான் முக்கியம் என்பார் ஒருவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதை விட்டுப் பூஜை எதற்கு என்பார் இன்னொருவர். பேச்சு நீளுமே தவிர, முடியாது.

இந்தக் கேள்விக்கு வாழ்ந்து காட்டிப் பதில் சொன்ன பெரியவர் ஒருவர் உண்டு. அவர் பிறந்த ஊர் திருப்பூர். அவர் பெயர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். கோவை வட்டாரத்தில் அவரை எல்லோரும் அன்போடும் மரியாதையோடும் "அய்யா" என்றே அழைத்தார்கள்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

அவினாசிலிங்கம் 1903-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியம் செட்டியார். தாயார் பழனியம்மாள்.

அன்று திருப்பூர் இப்போதுபோல் தனி மாவட்டம் அல்ல. கோவை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பனியன் தொழில் இன்னும் தலையெடுக்கவில்லை. பஞ்சும் நூலும் கைத்தறியும்தான் அந்தப் பக்கத்து மக்களுக்குச் சோறு போட்டன.

அவினாசிலிங்கத்தின் குடும்பம் வசதியான குடும்பம். கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த தலைவர் தி. அ. ராமலிங்கம் செட்டியாரும் அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான்.

பையன் முதலில் திருப்பூரிலே படித்தான். பிறகு கோவையில் லண்டன் மிஷன் பள்ளியில் படித்தான். அது கிறிஸ்தவப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளி. அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அது ஒரு இந்துப் பெரியவரின் தர்மப் பணத்தில் எழுந்த கல்லூரி. இப்படி, வெவ்வேறு சமயத்தவர் ஏற்றிய விளக்குகளில் வெளிச்சம் பெற்று வளர்ந்தார் அவினாசிலிங்கம்.

பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். கையில் பட்டம், வீட்டில் செல்வம், பின்னால் பெரிய குடும்பம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் பணம் குவிந்திருக்கும். ஆனால் அவர் மனம் வேறு வழியில் திரும்பியது.

குரு காட்டிய பாதை

சென்னையில் படித்த நாட்களில் அவருக்கு ராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு ஏற்பட்டது. ராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடர்களில் ஒருவர் சுவாமி சிவானந்தர். அவரை அவினாசிலிங்கம் தம் குருவாகக் கொண்டார்.

பரமஹம்சர் காளி கோவில் பூசாரி. 1836 முதல் 1886 வரை வாழ்ந்தவர். அவர் தம் சொந்த வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. சில காலம் இஸ்லாமிய முறைப்படி தொழுதார். இயேசுவை நெஞ்சில் வைத்தும் தியானித்தார். எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று, நடந்து பார்த்துச் சொன்னார். அவர் பெயரால் விளங்கும் மடங்களில் கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு இயேசுவின் படத்தை வைத்து வழிபடும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

பரமஹம்சர் இன்னொரு பாடமும் சொன்னார். ஏழையின் மேல் நாம் இரக்கம் காட்டுகிறோம் என்று நினைப்பதே தவறு. ஒவ்வொரு உயிருக்குள்ளும் இறைவன் இருக்கிறான். ஆகவே உயிருக்குச் செய்யும் தொண்டு, இறைவனுக்குச் செய்யும் பூஜை. இதுவே அவருடைய போதனை.

இந்த விதையை மரமாக்கியவர் விவேகானந்தர். அவர் 1897-ம் ஆண்டு ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். தன் ஆன்மா கடைத்தேற வேண்டும், உலகமும் நன்மை பெற வேண்டும். இரண்டும் சேர்ந்ததே அந்த மிஷனின் குறிக்கோள்.

அவினாசிலிங்கம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதே சமயம், காவி கட்டிக்கொண்டு மடத்திலும் சேரவில்லை. கதர் உடுத்தினார். ஊருக்கு நடுவிலேயே வாழ்ந்தார்.

வாடகை வீட்டில் ஒரு பள்ளி

1930-ம் ஆண்டு கோவையை அடுத்த சிங்காநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் ஒரு சிறிய பள்ளி தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே இருந்தார்கள். பள்ளியும் வீடும் ஒன்றே. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழும் குருகுலம் அது.

அங்கு முதலில் சேர்க்கப்பட்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவனும் உண்டு.

இன்று இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். அன்று அப்படி அல்ல. கொங்கு நாட்டின் பல ஊர்களில் டீக்கடையில் தனிக் குவளை. கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை. கோவில் வாசல் திறக்காது. அந்தக் காலத்தில், செட்டியார் வீட்டுச் செல்வப் பிள்ளை ஒருவர், ஒடுக்கப்பட்ட வீட்டுச் சிறுவனைத் தம் பள்ளியில், தம் கூரையின் கீழ் வைத்து வளர்த்தார்.

எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று வாயால் சொல்வது எளிது. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார வைப்பதுதான் கடினம். அந்தக் கடினமான காரியத்தை அவர் முதல் காரியமாகச் செய்தார்.

பள்ளி ஒரு பக்கம், சிறை ஒரு பக்கம்

அதே 1930-ல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். நாடே கொந்தளித்தது. அவினாசிலிங்கமும் போராட்டத்தில் குதித்தார். சிறைக்குப் போனார்.

எண்ணிப் பாருங்கள். பள்ளி இப்போதுதான் பிறந்த குழந்தை. அதை விட்டுவிட்டுச் சிறைக்குப் போவதா? பள்ளியைக் காப்பாற்றுவதற்காக நாட்டை மறப்பதா? எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு கடமை தவறும். அவர் இரண்டையும் சுமந்தார். 1930-க்கும் 1944-க்கும் இடையில் நான்கு முறை சிறைவாசம் அனுபவித்தார். பள்ளியும் நின்றுவிடவில்லை.

அவர் பிறந்த திருப்பூரும் அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கதர் வேலைக்கு அதுவே தலைமை இடமாக இருந்தது. 1932-ம் ஆண்டு ஜனவரியில், கொடி பிடித்து ஊர்வலம் போன குமரன் போலீசாரின் தடியடியில் உயிர் நீத்ததும் அந்த ஊரில்தான்.

காந்தி நட்ட கல்

1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் காந்தியடிகள் கோவைக்கு வந்தார். தீண்டாமையை ஒழிக்க நாடு முழுவதும் அவர் செய்த பயணம் அது. அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளியின் புதிய இடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார்.

பெரியநாயக்கன்பாளையம் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் ஆலமரம்போல் வளர்ந்தது. பள்ளி வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. உடற்பயிற்சிக் கல்லூரி, கலைக் கல்லூரி, விவசாயமும் தொழிலும் கற்றுத்தரும் நிலையங்கள் என்று ஒவ்வொன்றாக எழுந்தன.

குருகுலத்தில் காலைப் பொழுது பிரார்த்தனையோடு தொடங்கும். பிறகு படிப்பு. அதோடு கைவேலையும் உண்டு.

கைவேலை ஏன்? காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின் முன் வைத்தார். ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, பிள்ளையின் கையும் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நூல் நூற்கும் பையன் கணக்கும் கற்கிறான், பொறுமையும் கற்கிறான், உழைப்பவனை மதிக்கவும் கற்கிறான். இந்தக் கல்வியில் அவினாசிலிங்கத்துக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. வித்யாலயத்தில் அதற்கு இடம் கொடுத்தார். அதைப் பற்றி நூலும் எழுதினார்.

காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தில் கீதையும் ஒலிக்கும், குர்ஆனும் ஒலிக்கும், கிறிஸ்தவப் பாட்டும் ஒலிக்கும். கூட்டம் முடிந்ததும் கை ராட்டையைத் தேடும். பரமஹம்சரும் காந்தியும் அவினாசிலிங்கத்துக்கு இரண்டு குருமார்கள். ஆனால் இருவரும் சொன்ன பாடம் ஒன்றுதான்.

அமைச்சர் நாற்காலியில்

1946-ம் ஆண்டு அவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர் ஆனார். முதலில் பிரகாசம் மந்திரி சபையிலும், பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரி சபையிலும் 1949 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே பாடம் படிக்க வழி செய்தார். மகாகவி பாரதியாரின் நூல்கள் நாட்டு மக்களின் சொத்தாக ஆனது 1949-ல். அப்போது கல்வி அமைச்சர் அவர்தான்.

குறையே இல்லாத ஆட்சி என்று சொல்ல முடியாது. 1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் ஆணையும் அவர் காலத்தில்தான் வந்தது. தமிழகத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. பிறகு அரசு இறங்கி வந்தது. நல்லவர் நாற்காலியில் அமர்ந்தாலும் எல்லோரும் ஒப்பும்படி நடப்பது எளிதல்ல.

தமிழுக்கு அவர் செய்த மற்றொரு பணி என்றும் நிலைத்து நிற்கும். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் தலைவராக அவர் இருந்தார். உலகத்து அறிவையெல்லாம் தமிழில் திரட்டித் தரும் கலைக்களஞ்சியம் அந்தக் கழகத்தின் வேலை. அதற்கு முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். அவர் அவினாசிலிங்கத்தின் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்.

முதல் தொகுதி 1954-ல் வெளிவந்தது. ஒன்பதாவது தொகுதி 1963-ல் வந்தது. 1968-ல் இணைப்பாகப் பத்தாவது தொகுதியும் வந்தது. பிறகு குழந்தைகளுக்கென்று தனிக் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. பள்ளியில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும், நாட்டுக்கே ஒரு களஞ்சியம் தருவதும் அவருக்கு ஒரே தொண்டின் இரண்டு கிளைகள்.

திருப்பூர் அனுப்பிய பிரதிநிதி

1952-ம் ஆண்டு முதல் பொதுத் தேர்தலில் திருப்பூர்த் தொகுதி மக்கள் தங்கள் ஊர்ப் பிள்ளையையே டெல்லிக்கு அனுப்பினார்கள். 1957 வரை மக்களவையில் இருந்தார். பிறகு 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் இருந்தார்.

1957-ல் கோவையில் பெண்களுக்காக ஒரு மனையியல் கல்லூரி தொடங்கினார். வீட்டுச் சமையலும் குழந்தை வளர்ப்பும் படிப்பா என்று கேட்டவர்களும் அக்காலத்தில் உண்டு. சத்துணவு, குழந்தை நலம், குடும்பப் பொருளாதாரம் எல்லாம் அறிவோடு செய்ய வேண்டிய காரியங்கள் என்பது அவர் எண்ணம். அந்தக் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1970-ல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1991-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ந்தேதி, தமது 88-வது வயதில் அவர் காலமானார்.

இரண்டு கண்ணிகள்

தியானம் மட்டும் செய்கிறவருக்கு ஒரு ஆபத்து உண்டு. உலகத்துத் துன்பம் காதில் விழாமல் போய்விடும். தொண்டு மட்டும் செய்கிறவருக்கும் ஒரு ஆபத்து உண்டு. நான் செய்தேன் என்ற எண்ணம் வரும். நன்றி சொல்லாதவன்மேல் கோபம் வரும். சில வருடங்களில் சலிப்பும் வரும்.

அவினாசிலிங்கம் இருபத்தேழு வயதில் தொடங்கிய தொண்டை அறுபது ஆண்டு நடத்தினார். சிறை வந்தது, பதவி வந்தது, எதிர்ப்பு வந்தது. தொண்டு நிற்கவில்லை. காலையில் இறைவன்முன் அமர்ந்து பெற்ற அமைதியைப் பகலில் பிள்ளைகளுக்குச் செலவிட்டார். பகலில் பட்ட பாட்டை மறுபடி இறைவன் காலடியில் இறக்கி வைத்தார்.

பனியன் துணி எப்படி உருவாகிறது என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்று அறுந்தால் அங்கிருந்தே துணி பிரியத் தொடங்கும். வழிபாடும் தொண்டும் அப்படித்தான்.

இன்று திருப்பூர் பெரிய நகரம். கோவில் மணியும், பள்ளிவாசலின் பாங்கும், மாதா கோவில் மணியும் ஒரே தெருவில் கேட்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள், மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே மேஜையில் துணி தைக்கிறார்கள். பக்கத்தில் தைப்பவனின் மொழி வேறு, சாமி வேறு. பசியும் களைப்பும் ஒன்றுதான்.

எல்லோராலும் பள்ளி கட்ட முடியாது. அமைச்சர் ஆகவும் முடியாது. ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி அமரலாம். உங்கள் சாமியை உங்கள் முறைப்படி நினைக்கலாம். பிறகு கம்பெனியில், புதிதாக வந்து வழி தெரியாமல் நிற்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் டீ வாங்கிக் கொடுத்து, தொழிலும் சொல்லிக் கொடுக்கலாம்.

வாடகை வீட்டில் சில பிள்ளைகளோடு அய்யா தொடங்கியதும் அவ்வளவுதான்.