அறிவும் நல்லொழுக்கமும்: சாக்கிரடீசர் சரிதம்

மக்கள் தீமையை அறிந்தே செய்கின்றனரோ, அறியாது செய்கின்றனரோ என்னும் வினா பண்டுதொட்டு அறிஞரால் ஆராயப்பட்டு வருவதாம். யவன தேசத்து ஏதென்சு நகரிலே கி. மு. 470-ஐ ஒட்டித் தோன்றிய சாக்கிரடீசர் தம் வாழ்நாளை இவ்வாராய்ச்சிக்கே ஈந்தனர்.

அவர்தம் தந்தையார் கற்சிற்பி, தாயார் மருத்துவச்சி. தாயார் பிறர்தம் மகப்பேற்றுக்குத் துணைநின்றாற்போலத் தாமும் பிறர் உள்ளத்தினின்று ஞானம் வெளிப்படற்குத் துணையாதலே தந்தொழிலென அவர் கொண்டனர். நூலொன்றும் எழுதினாரல்லர்; பொருள் பெற்றுக் கற்பித்தாருமல்லர். கடைவீதியில் எதிர்ப்பட்டாரை வினாவி, அறிந்தேமென்று செருக்கினாரது அறியாமையை அவர்க்கே புலப்படுத்தினர். நன்மை இன்னதென்று உண்மையில் உணர்ந்தவன் தீமையை விரும்பிச் செய்யான் என்பது அவர் துணிபு.

இத்துணிபு சொல்லளவில் நின்றதன்று. கி. மு. 406-ஆம் ஆண்டில், கடற்போரில் வென்ற படைத்தலைவர்கள் நீரில் வீழ்ந்தாரை மீட்டிலரென்று அனைவரையும் ஒருங்கே கொலைத்தண்டத்துக்கு உள்ளாக்க ஊரவை கொதித்தெழுந்தது. அது சட்டத்துக்கு மாறென்று, அவைக்காரியம் பூண்டாருள் அவரொருவரே மறுத்து நின்றனர். பின்னர் முப்பதின்மர் கொடுங்கோலோச்சிய கி. மு. 404-403-இல், குற்றமற்ற லேயோன் என்பவரைப் பற்றிக் கொணருமாறு அவரும் வேறு நால்வரும் ஏவப்பட்டனர். நால்வரும் சென்றனர், இவர் தம் இல்லத்துக்குத் திரும்பினர்.

ஆயினும், அம்முப்பதின்மருள் முதன்மை பெற்ற கிரிட்டியாசும், பகைவராகிய ஸ்பார்த்தர்க்குத் துணைபோன ஆல்சிபியாடீசும் முன்னாளில் இவரோடு பழகியவர்களே. ஞானியை அடுத்தும் அவர் தீயராயினது எவ்வாறு? அரசியலில் மேம்படுதற்கு வேண்டும் வாதத்திறனையே நாடி வந்து, அது கைகூடியவுடன் அவர் அகன்றனரென்றும், பயிலாத உடல் தளர்வதுபோலப் பயிலாத உயிரும் ஒழுக்கத்தினின்று நழுவுமென்றும் மாணாக்கராகிய செனபோன் விடை எழுதியுள்ளார்.

இளைஞரைக் கெடுத்தார், நகரத்துத் தெய்வங்களை மதியார் என்னும் குற்றச்சாட்டின்மேல் கி. மு. 399-இல் சாக்கிரடீசர்க்குக் கொலைத்தீர்ப்பு விதிக்கப்பட்டது. நண்பர் கிரிட்டோ சிறையினின்று தப்பும் வழியை அமைத்தும், தமக்குத் தீங்கிழைத்தார்க்கும் தீங்கு செய்தல் தகாதென்று கூறி மறுத்து, அமைதியோடு நஞ்சுண்டு உயிர் நீத்தனர்.

தீமைக்கு வேர் அறியாமை என்பது நம் சித்தாந்தத்துக்கும் உடன்பாடே. அவ்வறியாமையை ஆணவமலத்தின் மறைப்பென்று அது மேலும் விளக்கும். அம்மறைப்பு கேள்வி மாத்திரையால் நீங்குவதன்று. ஆசிரியர் வழிகாட்டுதல் கூடும்; நடத்தல் மாணாக்கன் கடனேயாம். நல்லாசிரியரை அடைந்தோம் என்று அமைந்திருப்பார்க்குக் கிரிட்டியாசின் வாழ்வு ஓர் எச்சரிக்கையாகுக.