தாமோதரம்பிள்ளையும் ஒரு சொல் விடையும்

மஸ்கெலியாவிலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்த நாளில், சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களை ஏடு காத்த பெரியாரென்று மட்டுமே அறிந்திருந்தேன். என் சிவப்பு மையைக் கண்டிக்க வல்லவரும் அவரே என்பதை அறிந்தேனல்லேன்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்தவர் பிள்ளையவர்கள். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கற்றார். பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பீ.ஏ. பட்டதாரிகளான இருவருள் ஒருவரானார். 1871-இல் பீ.எல்.; பின்னர் வக்கீல் தொழில்; புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும்.

உத்தியோகத்திற்கு அப்பால் எஞ்சிய பொழுதெல்லாம் ஏடுகளுக்கே உரியதாயிற்று. ஏட்டெழுத்தைப் பார்த்தவர்க்கே அந்தத் துன்பம் விளங்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது, எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும், பிரதிக்குப் பிரதி பாடம் மாறும். ஒரு சொல்லை நிலைநாட்டப் பல ஊர்ப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டும். இவ்வாறே 1868-இல், ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு அச்சேற்றினார். வீரசோழியம் 1881-இலும், பொருளதிகாரம் 1885-இலும், கலித்தொகை 1887-இலும் வெளிவந்தன. 1901 ஜனவரி முதல் நாளில் அவர் மறைந்தார்.

என் கதைக்கு வேண்டுவது அந்தச் சொல்லதிகாரமே. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்திலிருந்து மூடுபனி ஏறி வகுப்பறைக்குள்ளே புகுந்த ஒரு காலையில், யாருக்குக் குளிர்கிறதென்று ஆங்கிலத்திலே கேட்டேன். லயத்துச் சிறுமியொருத்தி எழுந்து ‘மீ’ என்றாள். பிழையென்றேன், ‘ஐ ஆம்’ என்று பத்து முறை எழுதச் செய்து, அவளது கொப்பியிலும் கோடு கிழித்தேன். அதன்பின் அவள் கையுயர்த்தவேயில்லை.

விடுமுறையிலே கிளவியாக்கத்தைப் படித்தேன். வினாவும் விடையும் தம்முள் வழுவாதிருத்தல் வேண்டுமென்கிறார் ஆசிரியர். ‘யாருக்கு’ என்றால் ‘எனக்கு’, ‘யாரை’ என்றால் ‘என்னை’: வினாவின் வேற்றுமையை விடை ஏற்பது நமக்கு மூச்சு விடுவதுபோல. ருஷியரும் அவ்வாறே. குளிரைப் பற்றிய இவ்வினா அவர்களிடத்தும் நான்காம் வேற்றுமையிலே பிறக்கும். ‘எனக்கு’ எனப் பொருள்படும் ‘ம்னே’ என்பதே விடை. ‘நான்’ எனப்படும் ‘யா’ அங்கே செல்லாது. ஆங்கிலரோ ‘ஹூ’ என்று எழுவாயாகக் கேட்பர். ஏட்டிலே ‘ஐ ஆம்’ என்பர். வாய்ப்பேச்சிலே அவர்களும் ‘மீ’ என்றே முடிப்பர்! அச்சிறுமி தமிழிலே ‘எனக்கு’ என்று எண்ணி, அதற்குக் கிடைத்த ஆங்கிலச் சொல்லைத் தந்தாள்.

சற்றே தள்ளி இன்னொரு சூத்திரம். விடை வழுவினும், கருதிய பொருளோடு இயைந்ததாயின் அதனை விலக்குதல் இல்லை என்கிறது. அது வேற்றுமையைக் குறித்ததன்று எனப் புலவர் என்னை மறிக்கலாம்; மறிக்கட்டும்.

தவணை தொடங்கியதும் அவளது கொப்பியை வாங்கி, கோட்டின் அருகே சரியென்று குறியிட்டுக் கையெழுத்து வைத்தேன். பிழை என்னுடையதென்றும் வகுப்பிலே சொன்னேன். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய் அமர்ந்தாள்.