ஃப்ரெடி மெர்க்குரியின் பிளாக் சைடு

குயின் பேண்டுன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்னு தெரியும். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல எல்லாரும் கைதட்டி, தரையை உதைச்சுப் பாடுற அந்த ஒரு பாட்டு. அப்புறம் 1985 ஜூலையில் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் வெள்ளை பனியனோட நின்ன மீசைக்காரர். அந்த மீசைக்காரரைக் கொஞ்சம் ஓரமா நிக்க வைங்க. மீசை இல்லாத, நீள முடி வச்ச, 27 வயசு ஃப்ரெடியை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும்.

பிறந்தது 1946 செப்டம்பர் 5, சான்சிபார் தீவில். வீட்டில் வச்ச பேர் ஃபரோக் பல்சாரா. பார்சிக் குடும்பம். எட்டு வயசில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாங்க. வீட்டுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு கடலே இருந்தது. வார லீவுக்கு பஸ் ஏறுற நமக்கு அது புரியுறது கஷ்டம்தான். அங்கேதான் பியானோ கத்துக்கிட்டார். ஸ்கூல் நண்பர்களோட ‘தி ஹெக்டிக்ஸ்’னு ஒரு பேண்ட், அதிலும் இவர் பியானோதான் வாசிச்சார். 1964-ல் சான்சிபாரில் புரட்சி வர, குடும்பமே இங்கிலாந்துக்குக் கிளம்பியது.

இப்போ நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம். கிட்டாரிஸ்ட் பிரையன் மே இயற்பியல். பாஸ் வாசிச்ச ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ். டிரம்மர் ரோஜர் டெய்லர் பல் மருத்துவத்தில் சேர்ந்து, பிறகு பயாலஜிக்கு மாறினவர். ஃப்ரெடி மட்டும் ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன். அவர் கையில் இருந்தது ஒரு டிப்ளமோவும், ரோஜரோட சேர்ந்து கென்சிங்டன் மார்க்கெட்டில் நடத்தின துணிக்கடையும்தான். ஆனா 1970-ல் பேண்டுக்கு குயின்னு பேர் வச்சது அவர். சிங்கம், நண்டு, தேவதைன்னு நாலு பேர் ராசியையும் சேர்த்து லோகோ வரைஞ்சதும் அவர்தான். நாலு பேர்ல அதிகமா நம்பினது இவர்தான்னு எனக்குத் தோணும்.

1974-ல் வந்த ‘குயின் 2’ ஆல்பத்தை எடுத்துக்குங்க. ரெக்கார்டின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. கறுப்புப் பக்கத்தின் ஆறு பாட்டும் ஃப்ரெடி எழுதினது. அதில் ஒண்ணு, லண்டன் டேட் கேலரியில் இருக்கிற ஒரு சின்ன ஓவியத்தைப் பத்தினது. மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்த ரிச்சர்ட் டாட் வரைஞ்ச ஓவியம் அது. பொடிப்பொடியா ஏகப்பட்ட உருவங்கள். ஃப்ரெடி ஹார்ப்சிகார்ட் வாசிச்சு, குரல் மேல குரல் அடுக்கி, அந்த நெரிசலை அப்படியே காதுக்குக் கொண்டுவந்துட்டார். டிசைன் படிச்சவன் பாட்டை வரைஞ்சா இப்படித்தான் இருக்கும். ‘தி மார்ச் ஆஃப் தி பிளாக் குயின்’ ஆறரை நிமிஷம், எந்தப் பகுதியும் நிலையா நிக்காது. அடுத்த வருஷம் வந்த ‘போஹீமியன் ராப்சடி’க்கு இதுதான் ஒத்திகைன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அப்புறம் வந்த புகழ் உங்களுக்கே தெரியும், விட்டுடலாம்.

1991-ல் எய்ட்ஸ் நோய் முற்றி, நிக்கவே சிரமப்பட்ட நேரத்திலும் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஸ்டூடியோவில் பாடிக்கிட்டே இருந்தார். நோயைப் பத்தி உலகத்துக்கு அறிவிச்சது நவம்பர் 23. மறுநாள் போயிட்டார். வயசு 45. கடைசியாப் பாடின ‘மதர் லவ்’ 1995-ல்தான் வெளிவந்தது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க, கடைசிச் சரணத்தில் குரல் மாறும். அதைப் பாட ஃப்ரெடி திரும்பி வரலை. பிரையன் பாடியிருப்பார்.