டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன்

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் வேலம்பட்டையில் பதனிட்ட தோலும் ஒன்றல்ல என்பதை வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துச் சிறுவரும் அறிவர். பூச்சிக்கும் அவ்வாறே; ஒரு செடியில் தழைப்பது மற்றொன்றை ஏறெடுத்தும் பாராது. இதனால் முயற்சி முடங்கிய பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஜேம்ஸ் ஆண்டர்ஸன் ஸ்காட்லாந்து தேசத்தில் 1738-ஆம் ஆண்டிற் பிறந்தார். கிழக்கிந்தியக் கும்பினியாரின் வைத்தியராய்ச் சென்னைக்கு வந்து, அத்துறையின் தலைமை எய்தினார். ஆயினும் அவர் மனம் நின்றது தோட்டத்திலேயே. முசுக்கட்டைச் செடி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார். அக்காலத்தில் துணிக்கும் உயர்ந்த தோலுக்கும் செஞ்சாயமூட்டிய கோச்சினீல் பூச்சி, மெக்ஸிகோ தேசத்துக் கள்ளிச் செடியில் வளர்வது. அவ்வாணிபம் ஸ்பானியர் கையிலிருந்தது. 1786-இல் சென்னைப் புல்லொன்றில் அதனையொத்த பூச்சியைக் கண்டு ஆண்டர்ஸன் பெருமகிழ்வெய்தினார். சாயமோ எதிர்பார்த்தவாறு அமையவில்லை. அவர் சோர்ந்தாரல்லர். கியூ தோட்டத்தினின்று நோபால் கள்ளியை வருவித்துச் சைதாப்பேட்டையில் நட்டு, மருமகனார் ஆண்ட்ரூ பெரியிடம் ஒப்புவித்தார். செடி ஆயத்தமாயிற்று, உண்ணப் பூச்சிதான் இல்லை!

1795-இல் நீல்ஸன் என்னும் படைத்தலைவர் பிரேஸில் நாட்டினின்று கல்கத்தாவுக்குக் கொணர்ந்த பூச்சி சென்னைக்கும் வந்தது. அந்தோ, அது மெக்ஸிகோவின் வளர்ப்பினமன்று. சாயங் குறைந்த காட்டினம். நாகதாளியில் ஓரினத்தின்மீதே அது செழிப்பதெனப் பூச்சி நூலார் இன்று தெளிந்துள்ளனர். (குளிர்நாடுகளில் பைன் முதலிய மரங்களுக்கு விதைத்தோப்பு அமைப்போரும், எம்மரத்துக் காயைப் பூச்சி மிகுதியாய்த் துளைக்கிறது, எதனை விடுகிறது என ஆராய்வதுண்டு.)

ஆண்டர்ஸன் 1809-இல் சென்னையிலேயே காலஞ்சென்றார். சான்ட்ரி என்னும் சிற்பி வடித்த அவர் உருவம் அந்நகரத்து செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உள்ளது.

நிற்க. சாயத்துக்கு உதவாத அப்பூச்சியை 1836-க்கும் 1838-க்கும் இடையே தென்னாட்டில் விட்டபொழுது, தனக்குரிய நாகதாளியை அடியோடு தின்றொழித்தது. அருகில் நின்ற சப்பாத்திக்கள்ளியை அது தீண்டவேயில்லை. அதுவோ வயலும் வழியும் அடைத்துப் பரவிற்று. அதனை உண்ணும் வேறோர் கோச்சினீல் இனம் 1926-இல் இலங்கையினின்று வந்த பின்னரே, சில ஆண்டுகளுக்குள் உழவர் தம் நிலத்தை மீளப்பெற்றனர்.