பஸ் ஓட்டினவர், கேமரா பிடிச்சவர்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ராத்திரி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவங்களுக்கு இது தெரியும். ரோட்டோரம் லைட் இல்லாம நிற்கிற லாரியோட பின்பக்கம், தூரத்தில் வெறும் கறுப்புக் கட்டமாத்தான் தெரியும். அது நிக்குதா, ஓடுதான்னு சட்டுன்னு சொல்ல முடியாது. 80 கி.மீ. வேகத்தில் போற பஸ் செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். டிரைவர் சுதாரிச்சு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை செகண்ட் ஆனா, 33 மீட்டர் சும்மாவே போயிடும். இன்னைக்குப் பஸ், லாரிகளோட முன்கண்ணாடியில் கேமரா ஒட்டுறதே இந்த 33 மீட்டரை மிச்சம் பிடிக்கத்தான்.

இதைப் பத்திப் படிக்கும்போதுதான் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். ஜி.டி. நாயுடு. எலக்ட்ரிக் ரேசர், ஓட்டு மெஷின்னு அவரைப் பத்தி ஸ்கூல்லயே கேட்டிருப்போம். அவரோட கண்டுபிடிப்புகளில் யாரும் நின்னு பார்க்காத ஒண்ணு இருக்கு: படம் பிடிக்கிற கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி. பஸ் கம்பெனி நடத்தின மனுஷனுக்குக் கேமராவோட தூரக்கணக்கில் என்ன வேலை?

1893 மார்ச் 23, கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசுலேயே அம்மா இல்லை. படிப்பு ஏறலை, ஆரம்ப வகுப்புகளோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. வாழ்க்கையைத் திருப்பினது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஊருக்குள் ஓட்டிட்டு வந்த ரட்ஜ் வண்டி அது. மாடு இல்லாம, குதிரை இல்லாம ஒரு வண்டி எப்படி ஓடுதுங்கற கேள்வி அவரை விடலை. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார். வாங்கினதும் செஞ்ச முதல் வேலை, அதைப் பார்ட் பார்ட்டா கழட்டி மறுபடி மாட்டினது. நமக்கு ஒர்க்‌ஷாப் லேப் செகண்ட் செமஸ்டரில் வருது. அவர் தானே ஒண்ணு நடத்திக்கிட்டார்.

நடுவில் பஞ்சு வியாபாரம் பண்ணினார். பம்பாய் வரைக்கும் போய்ப் பணத்தை விட்டுட்டுத் திரும்பினார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அவரே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். இந்த இடத்தை நான் வேகமா தாண்டிப் போக விரும்பலை. ஏன்னா வண்டிகளுக்குப் பாதுகாப்புக் கருவி டிசைன் பண்ற பலர் ஒரு ராத்திரி கூட ஸ்டீயரிங் பிடிச்சிருக்க மாட்டாங்க. எதிர் லைட் கண்ணில் அடிக்கும்போது முன்னால என்ன இருக்குன்னு குத்துமதிப்பா முடிவெடுக்கிற வேலை எப்படிப்பட்டதுன்னு அவருக்கு உடம்பால தெரியும். அந்த ஒத்தை பஸ் வளர்ந்துதான் யுனைடெட் இல்லை, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆச்சு. சுருக்கமா யு.எம்.எஸ். கொங்கு நாட்டில் பழைய ஆளுங்களுக்கு இப்பவும் அந்த மூணெழுத்து தெரியும்.

பஸ்ஸில் வந்த காசு அவரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோச்சு. ஜெர்மனியில் செய்த சின்ன மோட்டாரை வச்சு ரசன்ட் ரேசரை உருவாக்கினார். போன இடமெல்லாம் கையில் கேமரா. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோட இறுதி ஊர்வலத்தைப் படம் பிடிச்சார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ்னு அவர் கேமராவில் பதிஞ்ச முகங்கள் பல. ஹிட்லர் கூட உண்டு.

ஊர்வலத்தைப் படம் பிடிக்கிறவனுக்கு ஒரு தலைவலி உண்டு. ஆள் நகர்ந்துகிட்டே இருப்பான், ஃபோகஸ் போயிடும். அந்தக் காலத்தில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. எத்தனை அடி தூரம்னு டேப் வச்சு அளக்கணும், இல்லைன்னா கண்ணால மதிச்சு லென்ஸ் வளையத்தைத் திருப்பணும். தூரத்தைச் சரிசெய்யும் கருவி அவருக்கு ஏன் தேவைப்பட்டிருக்கும்னு இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இன்றைய பஸ் கேமராவுக்கும் அவர் கருவிக்கும் நேரடி உறவு இருக்குன்னு சொன்னா அது கதை விடுறது. ஆனா ரெண்டோட கேள்வியும் ஒண்ணுதான்: முன்னால இருக்கிறது எவ்வளவு தூரம்? ஒரே ஒரு கேமராவை வச்சு இதுக்குப் பதில் கண்டுபிடிக்கிறது ஒத்த முக்கோணக் கணக்கு, பத்தாங்கிளாஸ் பாடம். கேமரா ரோட்டிலிருந்து 1.5 மீட்டர் உயரம், குவியத்தூரம் 1000 பிக்சல்னு வச்சுக்குவோம். முன்வண்டிச் சக்கரம் தரையைத் தொடுற இடம், படத்தில் தொடுவானத்துக்கு 50 பிக்சல் கீழே இருந்தா தூரம் 30 மீட்டர். 25 பிக்சல்தான்னா 60 மீட்டர். இன்னொரு வழியும் இருக்கு. அரை செகண்டில் அந்தக் கறுப்புக் கட்டத்தோட அகலம் பத்தில் ஒரு பங்கு பெருத்தா, இதே வேகத்தில் போனா மோத 5 செகண்ட்தான் பாக்கி. தூரமே தெரியாட்டியும் நேரம் தெரிஞ்சிடும். நாக்பூரில் 2021-ல் தொடங்கின ஐராஸ்டே திட்டத்தில் மாநகர பஸ்களில் இந்த மாதிரி எச்சரிக்கைக் கருவிகளைத்தான் மாட்டினாங்க. மழையிலும் சேறு படிஞ்ச கண்ணாடியிலும் கேமராவும் தடுமாறும், அதையும் சொல்லிடணும்.

நாயுடுவோட பிற்கால வாழ்க்கை நம்மைத் தொடுற இடம் வேற. 1945-ல் அவர் உதவியோடு கோவையில் ஆர்தர் ஹோப் பேரில் இன்ஜினியரிங் கல்லூரி வந்துச்சு. இன்னைக்கு நம்ம கட்-ஆஃப் கனவில் வர்ற ஜி.சி.டி.யோட தொடக்கம் அதுதான். நாலு வருஷப் படிப்பு நேர விரயம், ரெண்டு வருஷம் போதும்னு வாதாடினார். அரசு கேட்கலை, விலகிட்டார். 1952-ல் 2,000 ரூபாய் விலையில் ரெண்டு சீட் கார் செஞ்சு காட்டினார். லைசென்ஸ் கிடைக்கலை, அதுவும் நின்னுபோச்சு. தப்பு அரசு மேல மட்டும்தானான்னா, எனக்கு அப்படித் தோணலை. ஒண்ணை முடிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்குத் தாவுற குணம் அவருக்கு இருந்துச்சு. பழச்சாறு மெஷின், கெரசினில் ஓடும் ஃபேன்னு போய்க்கிட்டே இருந்தார். பஸ்ஸையும் கேமராவையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருந்த அவரே அது ரெண்டையும் சேர்த்து யோசிச்சாரான்னா, அதுக்கான அடையாளம் எதுவும் என் கண்ணில் படலை. அதுக்குத் தேவையான கம்ப்யூட்டரும் அப்போ இல்லை.

1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் 10 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு 2025-ல் அவர் பேர் வச்சாங்க. சேலத்திலிருந்து போற வண்டி கோல்டுவின்ஸ் பக்கம் அந்தப் பாலத்தில் ஏறிடும். ஏறாம கீழ் ரோட்டிலேயே போனா, அவரோட மியூசியம் வழியிலேயே இருக்கு.