லூல்கந்துரத் துரையும் மலைவழியும்

கண்டி மாநகரின் தென்பால் உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையை நம் கல்லூரி மாணாக்கர் நாடோறும் காண்கின்றனர். அம்மலைக்கு அப்பால், கலஹாவைக் கடந்து செல்வார்க்கு லூல்கந்துரத் தோட்டம் தோன்றும். இலங்கைத் தேயிலையின் தந்தையெனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெயிலர் நாற்பது யாண்டுகள் வாழ்ந்த இடம் அது.

1835ஆம் ஆண்டு மார்ச்சு 29இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த அவர், 1852இல் பதினேழு வயதும் நிரம்பாத இளைஞராய் இங்கு வந்தார். அக்காலம் கோப்பியின் பொற்காலம். 1867இல் அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா விறாந்தையே முதல் ஆலையாயிற்று. மேசைமேற் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பிற் கரிநெருப்பேற்றி உலர்த்தினர். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியவே, ஏனைத் தோட்டத்தாரும் அவரைப் பின்பற்றலாயினர். 1873இல் லூல்கந்துரத் தேயிலை 23 இறாத்தல் இலண்டன் சென்றது.

அம்மேசையை எழுதும் வரலாற்றாசிரியர் பலர், அதன்மேற் கொழுந்து உருட்டிய கைகளை எழுதுவதில்லை. தமிழகத்தினின்று கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தோருள் இடைவழியில் மாண்டோர் எத்துணையோ பேர். எஞ்சியோரே காடழித்து மலைப்பாதைகளைச் சமைத்தனர்.

இறுதிக் காலத்தில் டெயிலர் தோட்ட உரிமையாளரோடு பிணங்கினார். பதவி விலகுமாறு பணிக்கப்பட்டும் லூல்கந்துரவை விட்டு அகலவில்லை. 1892ஆம் ஆண்டு மே 2இல் அங்கேயே உயிர்நீத்தார். பன்னிருவர் கொண்ட இரு குழுவினர், நான்கு மைலுக்கொரு முறை தோள்மாற்றி, அப்பேருடலைக் கண்டிவரை சுமந்தனர் என்பர்.

அண்மையில் அமைந்த பீக்கோ ட்ரெயில் என்னும் நடைவழி, ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துரவைத் தொட்டு, 22 கட்டங்களாய் 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடிகின்றது. பழைய தேயிலைப் பாதைகளையே பற்றிச் செல்லவேண்டும் என்பது அதனைத் தொடக்கியோர் கருத்து. வசதி நோக்கி அதனை மோட்டார் வீதிக்குத் திருப்பலாமா என வினவுவார் உளராயின், கூடாதென்பதே எம் விடை. திருப்பினால் நடப்பதற்கே காரணம் இல்லையாகிவிடும். ஆயினும் பாதையை மட்டும் காத்தால் அமையாது. அமெரிக்காவில் 1921இல் பென்ரன் மக்காய் என்பார் அப்பலேச்சிய மலைவழியைத் திட்டமிட்டபோது, உழைப்போர் இளைப்பாறும் முகாம்களையும் பண்ணைகளையும் அதனோடு சேர்த்தே எண்ணினார். 1937இல் வழி முற்றுப்பெற்றது. அவர் எண்ணிய முகாம்களோ எழவில்லை. நம் வழியும் லயங்களுக்குப் புறமாய் ஒதுங்கிச் செல்லுமாயின், காட்சி மட்டுமே எஞ்சும், கதை போய்விடும்.

மஹியாவ மயானத்தில் டெயிலரின் கல்லறை உளது. சுமந்து வந்த இருபத்து நால்வர் பெயரும் அக்கல்லில் இல்லை. மேல்வகுப்பு மாணவர் விடுமுறையிற் கலஹா வழியே நடந்து, ஒவ்வொரு திருப்பத்திற்கும் பாறைக்கும் தோட்டத்து முதியோர் வழங்கும் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு எழுதி வருவாராயின், வழிப்பலகைகளில் அவற்றைப் பொறிக்குமாறு உரியோரைக் கேட்கலாம். முதியோர் இருக்கும்போதே இது செய்யத்தக்கது.