புற்றுநோய்க் கட்டியைச் சூடாக்கும் காந்தம்... பைண்டிங் கடைப் பையன் ஃபாரடேவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மூளைக் கட்டிக்குள் ஊசி மூலம் நானோ அளவு இரும்பு ஆக்சைடு துகள்களைச் செலுத்துகிறார்கள். வெளியிலிருந்து, நொடிக்கு சுமார் 1 லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலத்தைக் கொடுத்தால் துகள்கள் சூடாகும். 43 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கட்டியின் செல்கள் சாகத் தொடங்கும். கடையில் விக்கிற காந்த வளையல் சமாச்சாரம் இல்லை இது!

இதற்கான அடிப்படையைத் தேடிப்போனால், 1867-ல் இறந்த மைக்கேல் ஃபாரடேவிடம் போய் நிற்போம்.

யார் இவர்?

1791-ல் லண்டன் அருகே பிறந்த கொல்லர் மகன். பெரிதாகப் பள்ளிப்படிப்பு இல்லை. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கத்துக்கிட்டார். 1812-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, பைண்டிங் செய்து அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியோடு ஐரோப்பா போனபோது வேலைக்காரனாகத்தான் நடத்தப்பட்டார் என்பது வேற கதை.

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் நொடியில் மட்டும் மற்றதில் மின்சாரம் பாய்ந்தது. அதாவது, காந்தப்புலம் சும்மா இருந்தால் பிரயோஜனமில்லை, மாறிக்கிட்டே இருக்கணும்! ஜெனரேட்டர் முதல் இன்டக்‌ஷன் அடுப்பு வரை எல்லாத்துக்கும் இதுதான் ஆதாரம்.

நம்ம கதைக்கு முக்கியமானது 1845. கண்ணாடி, ரொட்டி, ஆப்பிள், மாட்டிறைச்சி என கையில் கிடைத்ததையெல்லாம் சக்திவாய்ந்த காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார். எல்லாமே காந்தத்திலிருந்து லேசாக விலகின. மனித உடலும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அப்போதே கணித்தார். அதனால்தான் காந்தப்புலம் உடலுக்குள் தடையின்றி ஊடுருவுகிறது. சதை பெரிதாகச் சூடாவதில்லை, இரும்புத் துகள் இருக்கும் இடம் மட்டும் கொதிப்பேறுகிறது.

1857-ல் தங்கத்தை, மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாத அளவு நுண்துகள்களாக்கி சிவப்புத் திரவம் செய்தார். நானோ என்ற பேச்சே இல்லாத காலம் அது!

புற்றுநோய் சிகிச்சை பற்றி அவர் யோசித்ததே இல்லை. இந்தத் துகள் சிகிச்சைக்கு 2010-ல்தான் ஐரோப்பாவில் மூளைக் கட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் கதிரியக்க சிகிச்சையோடு சேர்த்தே பெரும்பாலும் தரப்பட்டது. பல்லில் உலோகம் அடைத்திருந்தால் முதலில் அதை எடுத்துடணும். ஏன்னா, அதுவும் சூடாகும்.